ஒரு மூட்டை நொய்

சிசிலி
பிப்ரவரி 11

இல்லை அக்கா, நான் போனில் அனுப்பிய படத்தில் என் பக்கத்தில் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நிற்பவன் யாருமில்லை. நாற்காலி தூக்க வந்தவன்.

கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வணக்கம் சொல்கிறேன், முறை தெரியாதவளைப் போல. கசுமாய், அக்கா. சமாதானம்தானே? வீட்டார் சமாதானம்தானே? அப்பாவின் முழங்கால், உன் பள்ளிக்கூடம், கணுக்காலைக் கொத்தும் அந்தச் சேவல், எல்லாம் சமாதானம்தானே?

நான் நலம். ஓட்டல் சலவையறையில் வாரம் நான்கு நாள் விரிப்பு மடிக்கிறேன். மற்ற நாட்களில் கண்காட்சி வேலை. துறைமுகத்தில் பழைய உப்புக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, கடலில் மீட்கப்பட்டவர்களின் வாழ்க்கையை அங்கே காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். எங்கள் பொருட்கள், எங்கள் படங்கள், நாங்கள் சொன்ன வார்த்தைகள். ஏப்ரலில் திறப்பு. நான் என் இடது கால் ரப்பர் செருப்பைக் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, தனி விளக்கு. என் அறையில் அவ்வளவு நல்ல விளக்கு இல்லை.

பொறுப்பாளர் லொரெடானா அம்மையார். எதைச் சொன்னாலும் கண் கலங்குபவர். போன வாரம் பதிவுக் கருவியை மேஜையில் வைத்துக்கொண்டு, நாற்காலிக்காரனைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவனே பதில் சொன்னான்.

"இவளா? என் அடிமை. ஒரு மூட்டை நொய் குடுத்து வாங்குனேன். ஏமாந்துட்டேன். தின்னே என்னை அழிச்சிடுவா."

அவன் பெயர் ஜெகான் ஃபாய். பெயரிலேயே உனக்குப் புரிந்திருக்கும். செரேர்காரன். ஜனவரியில்தான் இந்த ஊருக்கு வந்தான், மீன்பிடிப் படகில் வேலை. நம் ஜோலா இனத்துக்காரி ஒருத்தி கண்ணில் பட்டால் செரேர் இனத்துக்காரன் வாய் சும்மா இருக்குமா? எத்தனை கடல் தாண்டினாலும் இரண்டு இனத்துக்கும் உள்ள கேலிமுறை கேலிமுறைதான். நானும் விடவில்லை.

"எங்க தாத்தா கருவாட்டுக்கு வாங்கிப்போட்ட குடும்பம் இது. திருப்பிக் குடுக்கலாம்னா எவனும் வாங்கிக்க மாட்டேங்கிறான்" என்றேன்.

மூன்று வருடத்தில் இப்படிச் சிரித்ததில்லை.

லொரெடானா அம்மையார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

கடிதம்தான் எழுத வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தது சரி. போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு முற்றமே கேட்கிறது. இதை நீ மட்டும் படி.

உன் தங்கை
ஜைனபா


சிபனோர், காம்பியா
மார்ச் 12

ஜைனபாவுக்கு,

கசுமாய் கெப். சமாதானம் மட்டுமே. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. சேவல் போன வெள்ளிக்கிழமை சமாதானமாகக் குழம்பில் கிடந்தது. பள்ளியில் எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பது நாற்காலி. உங்கள் நாற்காலிக்காரனை இங்கே அனுப்பிவை.

யாருமில்லாதவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கூடப்பிறந்த அக்காவுக்கு நான்கு வரி. பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்தித் திருத்தி எனக்குப் பழக்கம். எவன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்களோ அவன்தான் கூட்டாளி.

கிணற்றடியில் நொய்க் கதையை மட்டும் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "முழு அரிசிக்கு வக்கில்லாத பய, அடிமை வாங்க வந்துட்டானா" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அப்பா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "ஒரே ஒரு மூட்டைதானா?"

இடது செருப்பு கண்ணாடிப் பெட்டியில். சரி. வலது செருப்பு எங்கே, ஜைனபா? மூன்று வருடமாக நான் கேட்பது ஒன்றுதான், படகில் என்ன நடந்தது? போனில் கேட்டால் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் சிக்னல் போகாது.

நன்றாகச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அக்கா
நிமா


சிசிலி
ஏப்ரல் 20

அக்கா,

சமாதானம், குளிர் போய்விட்டது, காதுகள் நலம். சேவலின் ஆன்மா சாந்தி அடையட்டும். என் கணுக்காலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

கண்காட்சி திறந்தாயிற்று. ஆலிவ், பாலாடைக்கட்டி, சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள். ஜெகான் பதினான்கு துண்டு தின்றான். எண்ணினேன்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர். முழுச் சுவர். ஒவ்வொரு எழுத்தும் என் முழங்கை நீளம்.

'ஒரு மூட்டை அரிசி கொடுத்து அவளை வாங்கினேன்.'

கீழே சிறிதாக: ஜெகான், 27 வயது. பக்கத்தில் அந்தப் படம், நாற்காலியோடு.

அம்மையார் புரிந்துகொண்டது இப்படி. லிபியாவில் என்னை விற்றார்கள். ஜெகான் தன்னிடம் இருந்த கடைசி அரிசியைக் கொடுத்து என்னை மீட்டான். அழகான கதை. என் கதையைவிட அழகு. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது மறுத்திருக்க வேண்டும். ஆனால் கேலிமுறையை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வது? ஆதியில் ஓர் அக்காவும் தங்கையும் வந்த ஓடம் புயலில் இரண்டாகப் பிளந்தது, வடக்கே ஒதுங்கியவள் பிள்ளைகள் செரேர், தெற்கே ஒதுங்கியவள் பிள்ளைகள் ஜோலா, அதனால்தான் இவன் என்னைத் திட்டுகிறான் என்றா? ஓடம் உடைந்தது என்றால் அதையும் சுவரில் எழுதிவிடுவார்.

சிரித்து மழுப்பினேன். பெண்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்துகிறார்கள். ஜெகானுக்கு ஒரே ஒரு வருத்தம்.

"நொய்யின்னு தெளிவாத்தானே சொன்னேன்? அரிசின்னு போட்டுட்டாங்க. இவளுக்குப் போயி முழு அரிசி குடுத்தான்னு ஊர்ல தெரிஞ்சா என் மானம் என்னாவறது?"

"உன் மானத்துக்கு நொய்யே அதிகம்" என்றேன்.

செருப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாள் முடிந்துவிட்டது.

ஜைனபா


சிசிலி
மே 6

அக்கா, கசுமாய். விசாரிப்பை அடுத்த கடிதத்தில் சேர்த்துச் செய்கிறேன்.

யாரோ ஒரு பார்வையாளர் போலீசுக்குப் புகார் எழுதியிருக்கிறார். பெண்ணை விலைக்கு வாங்கியதாகத் தானே ஒப்புக்கொண்டவன் அதே கட்டடத்தில் நடமாடுகிறான் என்று. புகாரில் தப்பில்லை. அந்தச் சுவரை மட்டும் படித்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

ஜெகானின் தங்கும் அனுமதி இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆள் கடத்துபவனா என்று விசாரணை, செப்டம்பர் 19. அதுவரை படகு வேலைக்குப் போகக் கூடாது. அன்று அவர்கள் நம்பாவிட்டால் சிறை, அல்லது திரும்பும் விமானம்.

சுவரை வெள்ளைத் துணியால் மூடியாயிற்று. லொரெடானா அம்மையார் உட்கார்ந்து அழுதார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தது ஜெகான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

விசாரணை முடியும்வரை கேலி கூடாது, ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழக்கூடாது என்று வக்கீல் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். நேற்று கிடங்குப் படியில் எதிரே வந்தான். சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான்.

"வாங்க, ஜைனபா. நல்லா இருக்கீங்களா?" என்றான்.

அக்கா, அவன் என்னை 'நீங்க' என்றான்.


சிபனோர்
ஜூன் 3

ஜைனபா,

சமாதானம் மட்டுமே என்று எழுதக் கை வரவில்லை. உன் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். பிள்ளைகள் மணி அடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள்.

அம்மா போன அன்று நம் ஊர் மீன்கார ஃபாய், அவரும் செரேர்தான், வந்தாரே, நினைவிருக்கிறதா? பாயை உதறி, "எந்திரி, எந்திரி, நடவுக்குப் பயந்து படுத்திருக்கா பாரு, சோம்பேறி" என்று அம்மாவையே அதட்டினார். அழுதுகொண்டே சிரித்தோம். சாவு வீட்டிலும் மரியாதை எட்டிப் பார்க்காத உறவு இது. உயிரோடு இருக்கிற உன்னிடம் ஒருவன் மரியாதையாகப் பேசினால் அதைவிடக் கெட்ட சகுனம் உண்டா?

அவன் ஊர் எது, அம்மா பெயர் என்ன, எந்த மாதிரிக் காகிதம் கொண்டுவந்தால் வக்கீலுக்குப் பிரயோசனப்படும், இதை மட்டும் உடனே எழுது. அவன் நல்லவன் என்று எழுதித் தாளை வீணாக்காதே. உன் முதல் கடிதத்திலேயே அது இருக்கிறது. எந்தப் பக்கம், எந்த வரி என்றுகூடச் சொல்வேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. முழங்கால் நலம்.

நிமா


சிசிலி
ஜூன் 28

அக்கா, கசுமாய். அப்பாவுக்கு, பள்ளிக்கு, மழைக்கு என் சமாதானம்.

ஊர் பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பாரா படகுத்துறையில் இறங்கி வடக்கே போக வேண்டும். எட்டு வீடு, ஒரு பப்பரப்புளி மரம் என்றான்.

"உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"சொல்லுங்க."

"யாந்தே."

"வெறும் யாந்தேயா? எப்படிக் கூப்பிடணும் அவங்களை?"

இந்த இடத்தில் எந்தச் செரேர்காரனும் 'எஜமானின்னு கூப்பிடு' என்பான். அவனுக்கும் அது வாய்வரை வந்தது. பார்த்தேன். விழுங்கிவிட்டு, "உங்க இஷ்டங்க" என்றான்.

வக்கீல் கேட்பது: இது ஊர் வழக்கம் என்று ஊர்த் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். இரண்டு பக்கத்து ஊரும் கொடுத்தால் நல்லது. பிறகு என் கையால் ஒரு வாக்குமூலம். அவன் யார், அவனை எப்போது முதலில் பார்த்தேன், அவன் என்ன செய்தான். எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி வந்துவிட்டது.

'என் பெயர் ஜைனபா சன்யாங்.'


சிசிலி
ஆகஸ்ட் 20

அக்கா, நலமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் போட்டால் அப்பா எடுத்து, நிமா வயலில் இருக்கிறாள் என்கிறார். வயலில் ஏழு வாரமா?

வாக்குமூலத்தில் இரண்டாவது வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஜெகான் இப்போது எனக்குக் கதவு திறந்துவிடுகிறான். நான் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறான். தாங்க முடியவில்லை.

ஜைனபா


சிபனோர்
ஆகஸ்ட் 30

ஜைனபா,

கசுமாய். வயலில்தான் இருந்தேன், பாதி நாள். நாற்று உனக்காகக் காத்திருக்காது. இந்த உறையை வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் ஒரு நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் உன் வாசலுக்கே வந்து தருவாள். அவளுக்குச் சோறு போடு.

நடவு முடிந்ததும் ஆற்றைக் கடந்தேன். படகு, வேன், கடைசியில் கழுதை வண்டி, எல்லாம் மழையில். பப்பரப்புளி மரம் இருந்தது. அதன் கீழே ஓர் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போதே உயரம். படத்தில் அந்த நாற்காலி ஏன் கூரையை இடிக்கிறது என்று புரிந்தது. முன்பின் பார்த்திராதவர். ஆனாலும் முறையை விட முடியுமா?

"இங்க யாரு என் அடிமை யாந்தே? எஜமானி வந்து நிக்கிறேன், எந்திரிக்கத் தெரியலையா?"

நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, குடும்பப் பெயரைக் கேட்டார்.

"சன்யாங்கா, பாஜியா?"

"சன்யாங்."

"அதானே பாத்தேன். படகு வர்றதுக்கு முன்னாடியே கள்ளு வாடை வந்துச்சு. உக்காரு. சோத்துக்குத்தானே வந்தே?"

மீனின் தலையை எனக்கு வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவவில்லை.

"சிரிச்சதுக்கா எம்புள்ளைய நிறுத்தி வெச்சிருக்காங்க?" என்றார். தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து ஊர்த் தலைவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஊர்த் தலைவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது இது. 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது. சன்யாங், பாஜி முதலிய ஜோலாக்கள் அனைவரும் ஆதிநாள் தொட்டு எங்கள் அடிமைகள். அளவுக்கு மீறித் தின்பவர்கள். இதில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை. அவர்கள்மேல் கை ஓங்குவது எங்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஒரு துன்பம் என்றால் எங்களுக்குச் சோறு இறங்காது.' முத்திரை மூன்று இடத்தில்.

அதை நம் ஊர்த் தலைவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "எவன்டா அவன், என்னையே அடிமைங்கிறது?" என்று பேனாவைக் கேட்டு வாங்கினார். 'மேற்படி கடிதத்தை எழுதியவர் என் அடிமை. ஆகவே அவர் கடிதம் செல்லாது. ஆனால் அதில் சொன்னது அத்தனையும் உண்மை.' இவர் முத்திரை நான்கு இடத்தில். ஒன்று கூட வேண்டுமாம்.

இரண்டும் உறையில் இருக்கின்றன. நனையாமல் வைத்துக்கொள்.

படகேறும்போது யாந்தே அம்மா என்னிடம் வேறொன்றும் கேட்டார். அது உறையில் இல்லை. முதலில் பத்தொன்பதாம் தேதி முடியட்டும்.

இரண்டாவது வரியை எழுது.

நிமா


சிசிலி
செப்டம்பர் 24

அக்கா,

கசுமாய். நர்ஸ் வந்தாள், சோறு போட்டேன், இரண்டு தட்டு தின்றாள். அவளும் செரேர்தானாம்.

உன் உறையைப் பிரித்த அன்றே எழுதி முடித்தேன். ஒரே மூச்சில். போலீசுக்கு எழுதியது. உனக்கும் படி எடுத்திருக்கிறேன். இரண்டு முறை சொல்ல என்னால் ஆகாது.

'என் பெயர் ஜைனபா சன்யாங். எஞ்சின் நின்ற பிறகு எங்கள் படகு மூன்றாம் நாள் காலைவரை மிதந்தது. முதல் நாள் நண்பகலில் நான் பேசுவதை நிறுத்தினேன். பயத்தால் அல்ல. பயம் போய்விட்டிருந்தது. அதுதான் கெட்டது. படகில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. எதிரே ஒருவன் கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். சன்யாங் என்றேன். "அப்படிச் சொல்லு, அடிமைக் கூட்டம். அதான் படகு இந்தக் கனம் கனக்குது" என்றான். எங்கள் வழக்கத்தில் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இருந்தால் என் இனத்துக்கே இழுக்கு. பதில் சொன்னேன். அவன் என் வலது செருப்பைக் கழற்றி அதால் தண்ணீர் இறைத்தான். நான் கண் மூடும்போதெல்லாம் ஒரு வசவு. என் சமையலை, என் ஊரை, என் முன்னோர்களை. தெரிந்தது எல்லாம் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். "கரையேறட்டும். ஒரு மூட்டை நொய் குடுத்து உன்னை வாங்கிப்போட்டுத்தான் மறுவேலை" என்றான். முழு அரிசி கொடு என்று சண்டை போட்டேன். எங்கள் பக்கத்தில் இருவர் தூங்கினார்கள். அவர்கள் எழவில்லை. நான் தூங்கவில்லை. கப்பல் வந்தபோது எனக்குக் குரல் இல்லை. அவனைத் திட்டியே போயிருந்தது. கரையில் எங்களை வெவ்வேறு பேருந்தில் ஏற்றினார்கள். அவன் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, இந்த ஜனவரியில், உப்புக் கிடங்கின் வாசலில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரது, நம்ம நொய் மூட்டையா?" ஜெகான் ஃபாய் என்னை வாங்கவில்லை. தூங்கவிடவில்லை. அவ்வளவுதான்.'

இனி விசாரணை.

அதிகாரி நடுவயது, மூக்குக்கண்ணாடி. இரண்டு ஊர்த் தலைவர் கடிதங்களையும் மேஜையில் அருகருகே வைத்துப் படித்தார். என் தாளைப் படித்தார். எங்கள் இருவரையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தனித்தனியாகவும் சேர்த்தும் ஒரு மணி நேரம் கேட்டார். ஜெகான் பேசும்போதெல்லாம் 'ஜைனபா அவர்கள்' என்றான். நான் 'திரு ஃபாய்' என்றேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுதான் இடிக்குது. உங்க ரெண்டு ஊரும் சொல்லுது, இவங்க பாத்தா திட்டிக்காம இருக்கவே மாட்டாங்கன்னு. இந்தப் பொண்ணும் அதையேதான் எழுதியிருக்கு. ஆனா ஒரு மணி நேரமா பாக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திங்க மாதிரி பேசிக்கிறீங்க. எதை நம்பச் சொல்றீங்க?"

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. ஜெகான் தரையைப் பார்த்தான். நான்கு மாத மரியாதை எங்களை மாட்டிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. யாராவது ஒருவர் திட்டியாக வேண்டும். அவனால் முடியாது. அவன் வாய் திறந்தால் அது அவன் தலையில் விழும். நான் திரும்பினேன்.

"நாலு மாசமா வேலைக்குப் போகாம திங்கிறியே, என் அடிமைன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு" என்றேன். "கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானாம், கதவு. உங்க வீட்ல கதவு பாத்திருக்கியா நீ?"

ஜெகானின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன்.

"கதவு இருந்துச்சுடி" என்றான். "உங்க கூட்டம் வந்து அதையும் பொங்கித் தின்னுட்டுப் போயிடுச்சு."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். எங்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் தட்டச்சுப் பெண்ணைக் காட்டி, "இவங்க பக்கத்து ஊரு. அந்த ஊர்க்காரங்களுக்கு ரொட்டி சுடவே தெரியாது" என்றார். "உங்க ஊர்க்காரங்களுக்குத் திங்க மட்டும்தான் தெரியும் சார்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

வழக்குக் கோப்பை மூடிவிட்டார்கள். அனுமதி புதுப்பித்த சீட்டு அன்று மாலையே வந்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். பேருந்து வந்தது. அவன் எனக்கு முன்னால் முண்டியடித்து ஏறி, இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சமாதானம், அக்கா. சமாதானம் மட்டுமே.

ஜைனபா


சிபனோர்
அக்டோபர் 22

ஜைனபா,

படித்தேன். கிணற்றடியில் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார். நான் ஏற்கனவே வைத்திருந்தேன்.

இப்போது உறையில் இல்லாததைச் சொல்கிறேன். யாந்தே அம்மா படகுத்துறையில் கேட்டது, "உன் தங்கச்சிக்கு இன்னும் நிச்சயக் கோலா வாங்கலையே?" என்று. வாங்கவில்லை என்றேன். போன சனிக்கிழமை ஆற்றைக் கடந்து இங்கேயே வந்துவிட்டார், கூடை நிறையக் கோலாக்கொட்டை, அதன்மேல் ஒரு பெரிய மீன். பெண் கேட்க வந்தவர் வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை, "அடிமைங்க வீடு இவ்வளவு சுத்தமா இருக்கக் கூடாதே."

அப்பா பாயை விட்டு எழவில்லை. "எம்பொண்ணை ஒரு மூட்டைக்கு வாங்குனதா சுவத்துல எழுதி வெச்சவன் நீ பெத்ததுதானே? ரெண்டு மூட்டை கொண்டாரச் சொல்லு. அப்புறம் சம்மதம்னு கோலாவை உடைக்கலாம்."

"ரெண்டா? படத்தைப் பாத்தேன். அவ இருக்கிற ஒல்லிக்கு அரை மூட்டை அதிகம்."

"அப்ப மீனை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"மீனை வெச்சிட்டுப் போறேன். பாவம், நீங்க மீன் பாத்து எத்தனை நாளாச்சோ."

இப்படியே பொழுது சாயும்வரை. இருவரும் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. மீனைத் தின்றோம். கோலாவை அப்பா உடைக்கவில்லை. கூடையை மூடி அலமாரியில் வைத்திருக்கிறார். "அவ சொல்லட்டும்" என்றார்.

யாருமில்லாத அவனைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்? தாள் முடிந்துவிட்டது என்று எழுதாதே. உள்ளே ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன்.

நிமா


சிசிலி
நவம்பர் 20

அக்கா,

கசுமாய் கெப். அப்பாவுக்கு, முழங்காலுக்கு, ஆட்டுக்கு, அலமாரியில் இருக்கும் கூடைக்கு.

இது நீ வைத்த தாள்தான்.

சுவரில் இருந்த துணியை எடுத்துவிட்டோம். இந்த முறை நீயே எழுது என்றார் லொரெடானா அம்மையார். அரிசியை நொய் ஆக்கினேன். 'ஏமாந்துட்டேன்' என்பதையும் சேர்த்தேன். அதற்கு என் பதில். அதற்கு அவன் பதில். கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: 'இங்கே சிரிக்கலாம்.' பெரியவர்கள் முதலில் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. செருப்புப் பெட்டியில் இடது செருப்பு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் வலது செருப்புக்கு இடம் விடச் சொன்னேன். விட்டிருக்கிறார்கள். அதன் கீழே என் வாக்குமூலம். லொரெடானா அம்மையார் அந்தப் பெட்டியிடம் அழுகிறார், சுவரிடம் சிரிக்கிறார். இரண்டுக்கும் நடுவே பத்தடி.

உன் கேள்விக்கு.

சனிக்கிழமை சலவையறை வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செனகல்காரர் கடைக்குப் போனேன். இருபத்தைந்து கிலோ நொய் ஒரு மூட்டை வாங்கினேன். ஜெகானை வரச் சொன்னேன். தோளில் ஏற்றிக்கொண்டு என் நான்கு மாடியும் ஏறினான்.

"யாருக்கு இது?" என்றான், மூச்சு வாங்க.

"உனக்குத்தான். நான் உன்னை வாங்கிட்டேன்."

மூட்டையை இறக்காமல் நின்றான்.

"நொய்யா?" என்றான். "முழு அரிசி இல்லையா?"

"நொய் போதும்" என்றேன்.

அப்பாவிடம் கூடையைத் திறக்கச் சொல். நான் மூட்டையின் தையலைப் பிரித்து, இரண்டு பேருக்கு அளந்து, களைந்து, உலையில் போட்டேன்.

ஜைனபா